கடைச் சிப்பந்தியின் ஏற்றமும் இறக்கமும்
மலாக்கா வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இரு திறத்தாரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஒரு திறத்தார் கடல் கடந்து வந்து பொருளீட்டிய வணிகர். மற்றொரு திறத்தார் காடழித்துப் பால்மரம் நட்ட தோட்டத் தொழிலாளர். இவ்விரு திறத்தாருக்கும் நடுவே, துணியை அளந்தும் அரிசியை நிறுத்தும் பற்றெழுதியும் வாழ்நாளைக் கழித்த ஒரு கூட்டத்தார் உண்டு. கடைச் சிப்பந்தி என்றும், கடைப்பையன் என்றும் அவர்களை அழைத்தோம். நாற்பது வயது கடந்து, ஊரில் மணமுடித்த மகளுக்குத் தந்தையாக இருந்தவரும் கடையில் 'பையன்' ஆகவே இருந்தார். வணிகனுக்கு நினைவுக் கல்வெட்டு உண்டு; தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, புள்ளிவிவரம் உண்டு. தராசு பிடித்த கைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

கடைச் சிப்பந்தியின் உயர்வு தாழ்வை அவர் பெற்ற கூலியின் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அக்கூலி யாருடைய ஏட்டில் எழுதப்பட்டது, எப்போது கைக்கு வந்தது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும். இந்த நோக்கில் மலாக்காவின் கடைகளைப் பார்ப்பின், நூறாண்டு வரலாறு ஓர் ஒழுங்கில் விளங்கும்.

துறைமுகமும் தோட்டமும்

மலாக்காவில் தமிழர் வாணிகம் பழைமையானது. 1512 முதல் 1515 வரை இந்நகரில் வாழ்ந்த போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ், இங்குக் குடியிருந்த 'கெலிங்' வணிகரைப் பற்றியும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணிகளைப் பற்றியும் எழுதி வைத்துள்ளார். 1511 இல் போர்ச்சுகீசியர் நகரைக் கைப்பற்றிய பின்னர், நயினா சட்டு என்னும் வணிகர் பெண்டஹாரா பதவி பெற்றதும் அவர் எழுத்தால் தெரிகிறது. கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748 இல் எழுந்தது. பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781 இல் எழுந்தது. இரண்டும் இன்றும் ஜாலான் துக்காங் ஏமாஸ் வீதியில் அருகருகே நிற்கின்றன. கப்பலின் உரிமையாளர் பெயர் நிலைத்தது. கிட்டங்கியில் துணிக்கட்டை அவிழ்த்து முழம் போட்டவரின் பெயர் நிலைக்கவில்லை.

பழைய துறைமுக வாணிகம் மொத்த வாணிகம். சில்லறைக் கடை பெருகியது தோட்டங்கள் பெருகிய பின்னரே. 1896 ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். மலாயாவில் ரப்பர் வாணிகப் பயிரானது இவ்வாறே. தோட்டங்கள் பெருகியபோது தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்களுக்கு அரிசியும் பருப்பும் மிளகாயும் புடைவையும் விற்க ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மஸ்ஜித் தானா, ஆசகான் முதலிய சிற்றூர்களிலும் தோட்டத்து வாயிலிலும் கடைகள் தோன்றின. சில தோட்டங்களில் கங்காணியாரே கடையும் வைத்திருந்தார். ஆள் சேர்த்தவரும் அவர், வேலை வாங்கியவரும் அவர், கடன் கொடுத்தவரும் அவர் என்றால் தொழிலாளியின் நிலையை நான் விளக்க வேண்டுவதில்லை.

பற்றுப் புத்தகம்

தோட்டத்தில் கூலி மாதம் ஒருமுறை. வயிறோ நாளுக்கு மூன்று முறை. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த பள்ளத்தை நிரப்பியது கடைக்காரரின் பற்று. மலேசியர் அனைவரும் அறிந்த '555' என்னும் சிறு குறிப்புப் புத்தகம் இப்பற்று முறையின் நினைவுச் சின்னமாக இன்றும் கடைகளில் விற்கிறது. வாடிக்கையாளரிடம் ஒரு புத்தகம், கடையில் ஒரு பேரேடு. சம்பள நாளன்று இரண்டையும் ஒத்துப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பர். தீர்ந்தது போக மிஞ்சுவது சிறிது. மறுநாளே மீண்டும் பற்று.

இந்த ஏட்டை உண்மையில் நடத்தியவர் சிப்பந்தியே. எந்த வீட்டில் மழைக்காலத்தில் மரம் வெட்டாமல் கூலி குறையும், எவர் ஊருக்குப் பணம் அனுப்பும் மாதம் எது, எந்த வீட்டில் பெண் பூப்பெய்தியிருக்கிறாள், எவருக்கு இன்னும் ஐந்து வெள்ளி பற்றுக் கொடுக்கலாம், எவருக்கு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். பதினாறு தாகில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குல் என்னும் நிறுத்தல் கணக்கை மனத்திலேயே போட வேண்டும். வாடிக்கையாளரிடம் தமிழும் மலாயும் பேச வேண்டும். சரக்குக் கொடுக்கும் சீனத் தவுக்கேயிடம் விலை பேசும் அளவுக்கு ஹொக்கியனும் வேண்டும். எழுத்தறிவு குறைந்தோர் நிறைந்த லயங்களில், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்பவரும் பல வேளைகளில் அவரே. இத்தனை திறமும் உடையவரை நாம் 'பையன்' என்றோம்.

மற்றவர்களின் கடனை எழுதிய அதே பேரேட்டில் அவருடைய வாழ்வும் ஒரு பக்கமாக இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த கடையாள் பெரும்பாலும் உறவினர் வழியாகவோ ஊரார் வழியாகவோ வந்தவர். கடையிலேயே உண்டு, கடை மாடியிலோ அரிசி மூட்டைகளின் நடுவிலோ உறங்கினார். பல கடைகளில் கூலி மாதந்தோறும் கையில் தரப்படவில்லை. அது முதலாளியின் ஏட்டில் வரவாக நின்றது. சவரத்துக்கும் சட்டைக்கும் எடுத்தது பற்றாக எழுதப்பட்டது. ஊருக்குப் புறப்படும்போதுதான் கணக்குத் தீரும். தொழிலாளி கடைக்குக் கடன்பட்டிருந்தார். கடை சிப்பந்திக்குக் கடன்பட்டிருந்தது. முதலாளி நல்லவராயின் அந்த வரவு அவருக்குச் சேமிப்பு ஆயிற்று. முதலாளி நொடித்தாலோ, மனம் மாறினாலோ அஃது வெறும் மையெழுத்து ஆயிற்று.

ஏணி

அங்ஙனமாயின் இந்த வேலையை ஏன் நாடினர்? அதில் ஏணி ஒன்று இருந்தது. செட்டியார்களின் வட்டிக்கடை சில்லறைக் கடை அன்றாயினும், அதன் படிமுறை கடைத் தொழிலுக்கு ஓர் இலக்கணமாக விளங்கியது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்பன அதன் படிகள். மூன்றாண்டு ஒரு 'கணக்கு'. புறப்படுமுன் ஒரு பகுதி முன்பணம், மீதி கணக்கு முடிந்த பின். தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் உழைத்து நம்பிக்கை பெற்றவருக்குப் பங்கு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது; பங்காளிகள் முறைவைத்து ஊர் சென்று வந்தனர். துணிக்கடையில் பத்தாண்டு நின்றவர், முதலாளியிடமே சரக்கைக் கடனாகப் பெற்று, மிதிவண்டியில் மூட்டை கட்டித் தோட்டந்தோட்டமாகச் சென்று தவணைக்குப் புடைவை விற்று, பின் தனிக்கடை வைத்த கதைகள் நம் சிற்றூர்களில் பல. பால்மரம் வெட்டியவருக்கு எத்தனை ஆண்டு உழைத்தாலும் தோட்டம் சொந்தமாகாது. கடையில் நின்றவருக்குக் கடை சொந்தமாகக்கூடும். இந்தக் 'கூடும்' என்ற ஒரு சொல்லே பல இளைஞரைக் கப்பலேற்றியது.

இவ்வாழ்வை இலக்கியமாக்கிய பெருமை ப. சிங்காரத்துக்கு உரியது. 1938 இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குக் கடை வேலைக்கு வந்த அவர், பின்னாளில் எழுதிய 'கடலுக்கு அப்பால்' நாவலில் கடை அடுத்தாள் ஒருவனையே தலைவனாக்கினார். முதலாளியின் நம்பிக்கைக்கு உரியவனாகி, அவர் மகளை மணக்கும் நிலை வரை உயர்ந்து, போரில் துப்பாக்கி ஏந்தியதாலேயே 'இவன் வட்டித்தொழிலுக்கு ஆகான்' என்று விலக்கப்படுகிறான் அவன். ஏணியை வைத்திருந்த கை யாருடையது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

கடையிலேயே உண்டு உறங்கும் இம்முறை தமிழர்க்கே உரிய குறை என்று எண்ணிவிடல் ஆகாது. இங்கிலாந்திலும் 19 ஆம் நூற்றாண்டில் துணிக்கடைச் சிப்பந்திகள் கடையோடு சேர்ந்த விடுதியிலேயே அடைபட்டிருந்தனர். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இளமையில் துணிக்கடைப் பயிற்சியாளராக இருந்து பட்ட துன்பம் அவருடைய 'கிப்ஸ்' நாவலில் பதிவாகியுள்ளது. மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்னும் அம்மையார் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, சிப்பந்திகளின் சங்கத்தில் உழைத்து, 1929 இல் பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினரானார். நிற்கும் பெண் சிப்பந்திகளுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று அந்நாட்டில் 1899 இல் சட்டம் வந்தது. வாரத்தில் அரைநாள் விடுமுறை 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிட்டியது. அங்கும் அது தானாகக் கனிந்த கனியன்று.

மூன்று வீழ்ச்சிகள்

பற்றின்மேல் நின்ற கடை, ரப்பர் விலையின்மேல் நின்ற கடை. 1930 இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தபோது, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. 1930 முதல் 1932 வரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். கப்பலேறிய ஒவ்வொரு குடும்பத்தோடும் பேரேட்டின் ஒரு பக்கம் தீராமலே போயிற்று. தொழிலாளியை அனுப்ப அரசு இருந்தது. கடை மூடியதால் வேலையிழந்த சிப்பந்திக்கு உறவினரே கதி.

இரண்டாம் வீழ்ச்சி போர். 1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசி அரிதாயிற்று, துணி அதனினும் அரிதாயிற்று. தோட்டத்து இளைஞர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு 1945 இல் வெற்றுத் தாளாயிற்று. போருக்கு முந்திய கடனை அந்த நோட்டில் தீர்த்தது செல்லுமா, செல்லாதா என்னும் வழக்குகளை ஒழுங்குசெய்ய, 1948 இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. கடன் கொடுத்தவருக்கும் பட்டவருக்கும் சட்டம் வழி தேடிற்று. முதலாளியின் ஏட்டில் நெடுநாள் கூலி வரவாக நின்ற சிப்பந்தி, ஏட்டையும் முதலாளியையும் ஒருங்கே இழந்திருந்தால் எதைக் காட்டி வழக்காடுவார்?

மூன்றாவது, 1948 இல் தொடங்கிய அவசரகாலம். காட்டிலிருந்தோருக்கு உணவு போகாமல் தடுக்கத் தோட்டங்களுக்கு வேலியிட்டனர். உணவுப் பொருள் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தனர். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. தராசு பிடித்த கையில் ஆணியும் சுத்தியலும் ஏறின. வாடிக்கையாளர் ஐயத்துக்குரியவராயினர், அவருக்கு விற்றவரும் ஐயத்துக்குரியவராயினார். மலாக்கா மக்கள் மறக்கலாகாத நாள் 1953 செப்டம்பர் 3. நாட்டிலேயே முதன்முதலாக, மலாக்காவின் 221 சதுர மைல் பகுதி 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டு, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கு நீங்கின. கடைவீதி மீண்டும் மாலையில் மூச்சுவிட்டது.

சிப்பந்திக்குத் தனி ஏடு

இக்காலத்திலேயே சிப்பந்தியின் வாழ்வில் ஆரவாரமில்லாத ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் ஊதிய மன்றங்கள் அமைக்க வழி செய்தது. பின்னர் அமைந்த சில மன்றங்களுள் கடைச் சிப்பந்திகளுக்கு உரியதும் ஒன்று. 1950 ஆம் ஆண்டின் வார ஓய்வுநாள் சட்டம், கடை, உணவகம், நாடக அரங்கு ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு தரப்படல் வேண்டும் என்றது. 1951 இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. முதலாளியின் பேரேட்டுக்கு வெளியே, அரசாங்கத்தின் ஏட்டில், ஊழியரின் பெயரும் அவர் பெயரில் ஒரு தொகையும் எழுதப்படலாயின. 1955 இல் இயற்றப்பட்டு 1957 இல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டம், கூலியை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பதைத் தடுத்தது. சில்லறைக் கடையில் வைத்துக் கூலி கொடுத்தல் கூடாது என்றும் விதித்தது. இவ்விதிக்கு ஒரே விலக்கு, அக்கடையிலேயே வேலை செய்பவர். கடைக்குக் கடன்படும் தொழிலாளி வேறு, கடையில் உழைத்துக் கூலி பெறும் சிப்பந்தி வேறு என்பதைச் சட்டத்தின் அந்தச் சிறு தொடர் ஒப்புக்கொண்டது.

சட்டம் எழுதப்பட்ட அன்றே எல்லாக் கடையிலும் விளக்கு ஏறிவிடவில்லை. உறவினர் கடையில் உண்டு உறங்குபவர், 'மாமா, எனக்கு இன்று ஓய்வுநாள்' என்று சொல்ல நாக்கு எழுமா? எனினும் கேட்பதற்கு ஓர் உரிமை பிறந்துவிட்டது.

அதே காலத்தில் கதவு ஒன்று மூடப்பட்டது. 1952 ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்துக்குப் பின், ஊரிலிருந்து விரும்பியவாறு கடைக்கு ஆள் தருவித்தல் அரிதாயிற்று. 1968 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்றாயிற்று. பல்லாண்டு இங்கு உழைத்தும் குடியுரிமைத் தாள் பெறாதிருந்த கடையாள்களும் தோட்டத் தொழிலாளரும் 1969 ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'ரஜூலா' முதலிய கப்பல்களில் திரும்பினர். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் நின்றோர் இம்மண்ணில் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகள். சிறிது காலத்தில் பெண்பிள்ளைகளும் நின்றனர். நம் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்தவர்களே அவர்கள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. ஆயர் குரோவிலும் பத்து பெரண்டாமிலும் எழுந்த தொழிற்சாலைகள் இளைஞரை இழுத்தன. லயம் காலியானபோது தோட்டத்துக் கடையும் காலியாயிற்று. 1990களிலிருந்து மலாக்கா நகரில் பேரங்காடிகள் எழுந்தன. இன்று நம் மாணவர் பலரின் அண்ணனும் அக்காளும் அங்குச் சீருடையணிந்து நிற்கின்றனர்.

அவர்கள் நிலை முன்னையோரினும் உயர்ந்ததா? சட்டத்தை நோக்கின் உயர்ந்ததே. 2013 இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 இல் 1,700 வெள்ளியாயிற்று. வாரத்துக்கு 48 மணி என்றிருந்த வேலை நேர வரம்பு 2023 இல் 45 மணியாகக் குறைந்தது. சம்பளம் வங்கிக்குப் போகிறது. சேமநிதி அவரவர் பெயரில் வளர்கிறது. மூட்டைகளின் நடுவே எவரும் உறங்குவதில்லை.

ஆனால் ஏணியை நோக்கின் விடை வேறு. பழைய கடையாள் சரக்கின் கொள்முதல் விலையை அறிந்தார். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார். கடையின் முழுக் கணக்கும் அவர் கையால் எழுதப்பட்டது. இன்று விலையைக் கோட்டுக் குறியீடு சொல்கிறது. மீதியைப் பொறி கணக்கிடுகிறது. கொள்முதல் வேறெங்கோ தலைமையகத்தில் நடைபெறுகிறது. பத்தாண்டு நின்றாலும் கடை நடத்தக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் குறைவு. முன்பு ஏணி இருந்தது, பாதுகாப்பு இல்லை. இன்று பாதுகாப்பு இருக்கிறது, ஏணியைத் தேட வேண்டியுள்ளது.

நிற்கும் துன்பம் மட்டும் இரு காலத்துக்கும் பொது. சென்னைத் துணிக்கடைச் சிப்பந்திகளின் வாழ்வை 2010 இல் 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் ஊரறியச் செய்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 இல், கடைகளில் பணியாளர் அமர இருக்கை வைத்தல் வேண்டும் என்று தன் 1947 ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. இங்கிலாந்தில் 1899 இல் பெண்களுக்கு வந்த நாற்காலி, சென்னைக்கு வர 122 ஆண்டுகள் ஆயின.

ஆசிரியர் செய்யத் தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியராகிய நாம் கொள்ளத் தக்கவை மூன்று எனக் கருதுகிறேன்.

முதலாவது, நாவடக்கம். 'படிக்காவிட்டால் கடையில்தான் நிற்பாய்' என்னும் மிரட்டல் நம் வகுப்பறைகளில் வழங்குகிறது. கேட்டிருக்கும் முப்பது பிள்ளைகளில் ஐவரின் தாயோ தந்தையோ அன்று காலை கடையில் நிற்கப் போயிருப்பர். கல்வியின் பெருமையைச் சொல்ல, அப்பிள்ளையின் சோற்றை இழிவு செய்தல் எந்த ஆசிரியப் பயிற்சியிலும் கற்பிக்கப்படாத முறை.

இரண்டாவது, கணக்குப் பாடம். நூறு ஆண்டுகளாகச் சிப்பந்தி ஏமாந்த இடம், தன் கணக்கைத் தானே எழுதி வைக்காத இடம். சம்பளச் சீட்டைப் படிக்கவும், பிடித்தம் இன்னது, சேமநிதி இன்னது, கூடுதல் நேரக் கூலி இன்னது என்று பிரித்தறியவும் ஆறாம் ஆண்டு மாணவனால் இயலும். கூட்டலும் கழித்தலும் விழுக்காடும் அதற்குப் போதும். அவற்றை நாம் எப்படியும் கற்பிக்கிறோம். கொள்முதல், விற்பனை, ஆதாயம் என்னும் கணக்குகளைப் புத்தகத்தில் உள்ள எண்களை விட்டு, பக்கத்துக் கடையின் எண்களைக் கொண்டு செய்வித்தால் ஏணியின் முதற்படி வகுப்பறையிலேயே அமையும்.

மூன்றாவது, சான்றுகளைக் காத்தல். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மூடிக்கிடக்கும் பழைய கடைகளின் பரண்களில் தமிழில் எழுதப்பட்ட பேரேடுகள் இன்னும் சில இருக்கக்கூடும். வீட்டை விற்கும்போது பிள்ளைகள் அவற்றைக் குப்பையோடு எரித்துவிடுவர். அரிசி என்ன விலை விற்றது, தீபாவளிக்கு எத்தனை முழம் துணி போயிற்று, எந்தக் குடும்பம் எந்த மாதம் தோட்டத்தை விட்டது என்பதற்கு அவற்றினும் உண்மையான சான்று கிடையாது. அத்தகைய ஏடு கைக்கு வந்தால், உரியவர் ஒப்புதலுடன் பெற்று, கறையான் படாமல் வைத்து, ஒரு பக்கத்தையேனும் மாணவர்க்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். அந்த ஏட்டின் கடைசிப் பக்கங்களில், 'கடையாள் சம்பள வரவு' என்னும் தலைப்பின்கீழ், நம் பிள்ளைகளில் ஒருவருடைய பாட்டனார் பெயர் இருந்தாலும் இருக்கும்.